மண் சூடேறட்டும்: வசந்தத்தில் எதை எப்போது விதைப்பது

வசந்தத்தில் போட்ட விதை முளைக்கவில்லை என்றால், விதையைக் குறை சொல்வதற்கு முன் மண்ணுக்குள் விரலை விட்டுப் பாருங்கள். பகலில் வெயில் இதமாக அடிக்கத் தொடங்கியதும் கை பரபரக்கும். ஆனால் காற்று சூடேறும் வேகத்தில் மண் சூடேறாது. இரவில் இறங்கிய குளிர் காலை வரை அதில் தங்கியிருக்கும். களிமண்ணாகவும் ஈரமாகவும் இருந்தால் இன்னும் தாமதம். தேதி பார்த்து விதைப்பதைவிட மண்ணின் சூட்டை அளந்து விதைப்பதே சரி என்பது என் உறுதியான கருத்து.

அளப்பது சுலபம். சமையலுக்குப் பயன்படும் கூர்முனை வெப்பமானி ஒன்று போதும். காலை 8, 9 மணிவாக்கில் 5 செ.மீ. ஆழத்தில் செருகிப் பாருங்கள். மாலையில் அளந்தால் அன்றைய வெயில் ஏற்றிய சூட்டைத்தான் காட்டும். தொடர்ந்து நாலைந்து நாள் அதே அளவு இருந்தால் நம்பி இறங்கலாம்.

மண் 5 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே பட்டாணியும் பாலக்கும் முளைக்கத் தொடங்கும். ஆனால் பட்டாணிக்கு 5 டிகிரியில் ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். 10 டிகிரியில் ஏறக்குறைய 2 வாரத்தில் தலை காட்டிவிடும். கேரட், பீட்ரூட், முள்ளங்கி, லெட்டூஸ், கொத்தமல்லி எல்லாவற்றுக்கும் 10 டிகிரி இருந்தால் நல்லது. பீன்ஸ், வெள்ளரி, பூசணி வகைகளுக்கு 16 டிகிரி வேண்டும். வெண்டைக்கும், துளசி இனத்து மூலிகையான பேசிலுக்கும் 20 டிகிரி வரை காத்திருங்கள். இதில் பீன்ஸ் விஷயத்தில் மட்டும் கொஞ்சமும் அவசரம் கூடாது. உலர்ந்த பீன்ஸ் விதை குளிர்ந்த நீரை உறிஞ்சும்போது அதன் திசுக்கள் சேதமடைகின்றன. உள்ளிருக்கும் சர்க்கரை வெளியே கசிய, அதைத் தேடிப் பூஞ்சை வருகிறது. தோண்டிப் பார்த்தால் கூழாகிக் கிடப்பது இதனால்தான். லெட்டூஸ் இதற்கு நேர் எதிர். மண் 27 டிகிரியைத் தாண்டினால் பல ரகங்கள் உறங்கிப்போய் முளைக்கவே மறுக்கும்.

மண்ணைக் கொத்துவதற்கும் ஒரு பதம் இருக்கிறது. ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிடித்து, விரலால் லேசாகத் தட்டுங்கள். பொலபொலவென்று உதிர்ந்தால் வேலையைத் தொடங்கலாம். உருண்டையாகவே நின்றால் சில நாள் பொறுங்கள். ஈரக் களிமண்ணைக் கொத்தினால் காற்று புகும் துளைகள் நசுங்கி, காய்ந்தபின் கட்டி கட்டியாகிவிடும். அந்தப் பருவம் முழுவதும் அதைச் சரிசெய்ய முடியாது. உயர்த்திய பாத்தியும் தொட்டியும் நிலத்தைவிட முன்னதாகச் சூடேறும். பாத்தியின் மேல் பிளாஸ்டிக் விரிப்பை 2 வாரம் போட்டு வைத்தாலும் சில டிகிரி கூடும்.

நாற்று

தக்காளி, மிளகாய், கத்தரி போன்றவை வெளியே மண் சூடேறும்வரை காத்திருந்தால் காய்ப்புக்கு நாள் போதாமல் போகலாம். அதனால் இவற்றை வீட்டுக்குள் குழித்தட்டில் வளர்த்து நடுகிறோம். நடும் நாளிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள்: மிளகாய், கத்தரிக்கு 8 முதல் 10 வாரம், தக்காளிக்கு 6 முதல் 8, செண்டுமல்லிக்கும் பேசிலுக்கும் 6. வெள்ளரி, பூசணிக்கு 3 வாரம் போதும். அதற்கு மேல் தட்டில் இருந்தால் வேர் சுற்றிக்கொண்டு, நட்டபின் முரண்டு பிடிக்கும்.

கலவைக்குக் கோகோபீட் (தென்னை நார்க்கழிவுத் தூள்) 2 பங்கு, நன்றாகச் சலித்த மண்புழு உரம் 1 பங்கு, பெர்லைட் (லேசான வெள்ளைக் கல் துகள்) அல்லது பருமணல் 1 பங்கு. 650 கிராம் கோகோபீட் கட்டிக்கு 4 லிட்டர் தண்ணீர் ஊற்றி ஊறவிட்டு, பிழிந்து, மறுபடி நல்ல தண்ணீரில் அலசிப் பிழியுங்கள். அதில் தங்கியிருக்கும் உப்பு இளவேரைக் கருக்கும் என்பதால் இந்த வேலையைத் தவிர்க்கவே கூடாது. தோட்டத்து மண்ணைக் குழித்தட்டில் போட வேண்டாம். சிறிய குழியில் அது இறுகிவிடும், நோய்க்கிருமியும் கூடவே வரும்.

விதையை அதன் பருமனைப்போல் இரண்டு, மூன்று மடங்கு ஆழத்தில் ஊன்றுவது பொதுவான அளவு. தக்காளிக்கு அரை செ.மீ., பூசணிக்கு 2 செ.மீ. லெட்டூஸ் விதைக்கு வெளிச்சம் வேண்டும். மண்மேல் தூவி அழுத்திவிட்டால் போதும். தக்காளி 21 முதல் 27 டிகிரியில் ஒரு வாரத்தில் முளைக்கும். மிளகாய்க்கு இன்னும் கொஞ்சம் கூடுதல் சூடு, 25 முதல் 30 வரை வேண்டும். அதற்கே 2 வாரம் ஆகலாம்.

முளை தெரிந்தவுடன் தேவை மாறிவிடும். சூட்டைக் குறைத்து வெளிச்சத்தைக் கூட்ட வேண்டும். தண்டு நூலாக நீண்டு சாய்கிறது என்றால் காரணம் இரண்டுதான்: வெளிச்சம் குறைவு, சூடு அதிகம். ஜன்னல் வெளிச்சம் பெரும்பாலும் போதாது. எல்.இ.டி. விளக்கை ஒரு நாளைக்கு 14 முதல் 16 மணி நேரம் எரியவிட்டு, பகலில் 18 முதல் 21 டிகிரியில் வைத்தால் தண்டு குட்டையாகவும் தடியாகவும் வரும். ஏற்கெனவே நீண்டுவிட்ட தக்காளிக் கன்றுக்கு வழி உண்டு, கீழே வருகிறேன். மிளகாய்க்கும் கத்தரிக்கும் அந்த வழி அவ்வளவாக உதவாது.

நாற்றைக் கூண்டோடு அழிப்பது நாற்றழுகல் நோய். முந்தின நாள் வரை நன்றாக நின்ற கன்று, மண்மட்டத்தில் தண்டு மெலிந்து கறுத்து மடிந்து கிடக்கும். பித்தியம், ரைசோக்டோனியா போன்ற மண்வாழ் கிருமிகள் இதற்குக் காரணம். ஒருமுறை சாய்ந்த கன்று எழாது. மருந்து தேடுவதைவிட வராமல் தடுப்பதுதான் வழி. பழைய தட்டுகளைக் கழுவி, 9 பங்கு தண்ணீருக்கு 1 பங்கு ப்ளீச் கலந்து 10 நிமிடம் ஊறவைத்து அலசுங்கள். மேலிருந்து தெளிக்காமல், தட்டை ஆழமற்ற பாத்திரத்துத் தண்ணீரில் 20 நிமிடம் நிறுத்தி, கீழிருந்து உறிஞ்சவிட்டு எடுத்துவிடுங்கள். மேல்மண் வெளிறிக் காய்ந்தபிறகே அடுத்த தண்ணீர். தட்டுக்கு மூடி போட்டிருந்தால் முளைத்தவுடன் எடுத்துவிட்டு, சிறிய மின்விசிறியை மெல்ல ஓடவிட்டால் ஈரமும் உலரும், தண்டும் உரமேறும்.

முதலில் விரிவது வித்திலை. அடுத்து வரும் உண்மையான இலை ஒரு ஜோடி விரியும்வரை உரம் எதுவும் வேண்டாம். அதன்பின் திரவ உரத்தைப் பொட்டலத்தில் சொன்னதில் கால் பங்கு அளவில், வாரம் ஒருமுறை கொடுக்கலாம்.

தக்காளி நாற்றின் இலை அடிப்புறம் ஊதாவாக மாறினால் மணிச்சத்து (பாஸ்பரஸ்) குறைவு என்று உரத்தைக் கொட்டுகிறவர்கள் அதிகம். சத்து மண்ணில் இருக்கும். வேர்ப்பகுதி குளிர்ந்திருப்பதால் செடியால் அதை எடுக்க முடிவதில்லை. தட்டைச் சூடான இடத்துக்கு மாற்றினால் புதிய இலைகள் பச்சையாக வரும். தழைச்சத்துக்கும் (நைட்ரஜன்) இப்படித்தான். தொழு உரத்தில் இருப்பதைச் செடி உறிஞ்சும் வடிவத்துக்கு மாற்றும் நுண்ணுயிர்கள் குளிர்ந்த மண்ணில் சோம்பிக் கிடக்கும். வசந்தத் தொடக்கத்தில் செடி வெளிறியிருந்தால் பெரும்பாலும் காத்திருப்பதுதான் வைத்தியம்.

வெளியே நடுவது

வீட்டுக்குள் வளர்ந்த கன்றை நேரே வெயிலில் நட்டால் இலை வெளுத்துத் தீய்ந்துவிடும். 7 முதல் 10 நாள் பழக்க வேண்டும். முதல் நாள் நிழலில் ஒரு மணி நேரம், அடுத்து இரண்டு, பிறகு கொஞ்சம் காலை வெயில் என்று கூட்டிக்கொண்டே போய், கடைசி இரண்டு இரவு வெளியிலேயே விடுங்கள். காற்று பலமாக வீசும் நாளில் உள்ளே கொண்டுவந்துவிடுங்கள். வெயிலைவிடக் காற்று சீக்கிரம் வாட்டும். தக்காளியை நட இரவு வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே போகாமல் இருக்க வேண்டும், மிளகாய்க்கு 13. உறைபனி விழும் இடமானால் கடைசிப் பனி கழிந்துவிட்டது என்று உறுதியான பிறகே எதையும் நடுங்கள்.

நீண்டுபோன தக்காளிக்கு வழி இதுதான்: கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, தண்டின் மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள் போகும்படி ஆழமாக நடலாம், அல்லது படுக்கவைத்து நுனியை மட்டும் வெளியே விடலாம். புதைந்த தண்டெல்லாம் வேர் விடும். தாங்குகுச்சியை நடும்போதே ஊன்றிவிடுங்கள். பிறகு ஊன்றினால் வேர் அறும். இடைவெளி தக்காளிக்கு 45 முதல் 60 செ.மீ., மிளகாய்க்கு 45, லெட்டூஸுக்கு 25. தொட்டியில் வைப்பதானால் தக்காளிக்கு 20 லிட்டர், மிளகாய்க்கு 10 லிட்டர். இதைவிடச் சிறியது வெயில் ஏறியதும் ஒரே நாளில் காய்ந்துபோகும்.

நட்டவுடன் மூடாக்குப் போடும் பழக்கம் பலருக்கு உண்டு. கோடைக்கு அது அருமையான காரியம். ஆனால் குளிர்ந்த மண்மேல் வைக்கோலோ சருகோ பரப்பினால், வெயில் மண்ணைத் தொடாமல் குளிர் உள்ளேயே அடைபட்டுவிடும். மண் 18 டிகிரியைத் தாண்டியபின் 5 செ.மீ. தடிமனில், தண்டை ஒட்டாமல் பரப்புங்கள்.

தண்ணீர் வாரத்துக்கு ஒரு சதுர மீட்டருக்கு 25 லிட்டர் என்று தொடங்கி, மழைக்கும் வெயிலுக்கும் ஏற்பக் கூட்டிக் குறைக்கலாம். தினமும் மேலாகத் தெளிப்பதைவிட வாரம் இரண்டு முறை ஆழமாகப் பாய்ச்சுவது மேல். தக்காளியின் அடிப்பகுதி கறுத்துத் தோல்போல் ஆவது தண்ணீர்க் கோளாறால்தான். சுண்ணாம்புச்சத்து தண்ணீரோடு பயணித்துக் காயை அடைய வேண்டும். ஒருநாள் காய்ந்து மறுநாள் வெள்ளமானால் அது காய் வரை போய்ச் சேராது. முட்டை ஓட்டைப் பொடித்துப் போட்டால் அது கரைவதற்குள் பருவமே முடிந்துவிடும், நீரைச் சீராக்குங்கள்.

மூலிகையும் பூவும்

கொத்தமல்லி விதை என்று நாம் சொல்வது உண்மையில் இரண்டு விதை சேர்ந்த காய். உள்ளங்கையால் மெல்லத் தேய்த்து இரண்டாக்கி, சில மணி நேரம் ஊறவைத்து, 1 செ.மீ. ஆழத்தில் நேரடியாக விதையுங்கள். இது ஆணிவேர்ச் செடி, பிடுங்கி நட்டால் சீக்கிரமே பூத்துவிடும். சூடு ஏறி நாள் நீளும்போதும் எப்படியும் பூக்கும், அதை நிறுத்த முடியாது. 2, 3 வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக விதைத்தால் இலை தட்டாது. பூத்ததில் பாதியைப் பிடுங்காமல் விடுங்கள், காரணம் கடைசியில் வருகிறது.

பேசில் 10 டிகிரிக்குக் கீழே இலை கறுக்கும். 15 செ.மீ. உயரம் வந்ததும் இரண்டாவது ஜோடி இலைக்கு மேல் கிள்ளினால் இரண்டு கிளையாகப் பிரியும். பூமொட்டைக் கண்டவுடன் எடுத்துவிடுங்கள். புதினாவுக்குத் தனித் தொட்டி கொடுங்கள், பாத்தியில் விட்டால் அடித்தண்டு ஓடி மற்றதையெல்லாம் விழுங்கிவிடும். ரோஸ்மேரி, தைம் இரண்டும் ஈரத்தை வெறுப்பவை; கலவையில் மூன்றில் ஒரு பங்கு பருமணல் சேர்த்து, பேசிலோடு ஒரே தொட்டியில் வைக்காமல் தள்ளி வையுங்கள்.

பூக்களில் காலண்டுலா குளிர் தாங்கும், சீக்கிரமே விதைக்கலாம். ஜின்னியாவுக்கு 20 டிகிரி வேண்டும்; 25 செ.மீ. உயரத்தில் நுனியைக் கிள்ளினால் பூ கூடும். நாஸ்டர்ஷியத்துக்கு உரம் போடாதீர்கள், இலைதான் மண்டும். செண்டுமல்லி நட்டால் பூச்சியே வராது என்பது மிகையான நம்பிக்கை. அதன் வேரிலிருந்து வரும் பொருள் வேர்முடிச்சு நூற்புழுவைக் கட்டுப்படுத்தும், அதுவும் அடர்த்தியாக ஒரு பருவம் முழுக்க வளர்த்தால்தான். ஓரத்தில் இரண்டு செடி அழகுக்கு இருக்கட்டும்.

அசுவினி என்னும் சாறுறிஞ்சும் சிறு பூச்சி வசந்தத்தின் இளந்தளிரைத் தேடி வரும். தழைச்சத்து அதிகம் கொடுத்த செடிக்கு முதலில் வரும். கண்டவுடன் மருந்தடிக்காமல், இலையின் அடிப்பக்கம் படும்படி தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி உதிர்த்துவிடுங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை என மூன்று தடவை செய்தால் பெரும்பாலும் அடங்கும். இதற்குள் பொறிவண்டின் புழுக்களும், கொத்தமல்லிப் பூவில் தேன் குடிக்க வரும் மிதவை ஈக்களின் (காற்றில் ஒரே இடத்தில் நின்று பறப்பவை) புழுக்களும் அசுவினியைத் தின்னும் வேலையில் இறங்கிவிடும். கறுப்பில் ஆரஞ்சுப் புள்ளியோடு முதலை மாதிரி இருக்கும் பொறிவண்டுப் புழுவைப் பூச்சி என்று நசுக்கிவிடாதீர்கள். அப்படியும் அடங்காவிட்டால், 1 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 2 மி.லி. திரவ சோப்பைக் கலந்து, பிறகு 5 மி.லி. வேப்பெண்ணெயைச் சேர்த்துக் குலுக்கி, தேனீக்கள் அடங்கிய மாலை வேளையில் தெளியுங்கள். முதலில் இரண்டு இலையில் அடித்து ஒருநாள் பாருங்கள். கருகவில்லை என்றால் மறுநாள் செடி முழுக்க அடிக்கலாம். 7 நாள் கழித்து இன்னொரு முறை.