பனியன் ஊரில் ஜிம் நடத்துவது: என் எட்டு வருட அனுபவம்

2018 தை மாதம் திருப்பூர் அனுப்பர்பாளையத்தில் ஒரு கட்டடத்தின் முதல் மாடியில் ஜிம் திறந்தேன். 2,200 சதுர அடி, மாத வாடகை 28,000 ரூபாய், அட்வான்ஸ் பத்து மாத வாடகை. சிறுதொழிலுக்கு அரசுத் திட்டத்தில் வங்கி தரும் முத்ரா கடனில், தருண் பிரிவில் 8 லட்சம் கிடைத்தது. மீதிக்கு வீட்டு நகை அடகுக்குப் போனது. அதற்கு முன் ஒன்பது வருடம் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக இருந்தேன். எடை தூக்கத் தெரியும், ஆணழகன் போட்டிகளில் மேடையேறியிருக்கிறேன். ஜிம் கணக்குதான் புதிது. ஜிம் வைக்க நினைக்கும் தம்பிகள் பலர் வந்து விசாரிக்கிறார்கள். அவர்களிடம் சொல்வதை இங்கே எழுதுகிறேன்.

திறப்புச் சலுகையாக ஒரு வருட ஃபீஸ் 3,600 ரூபாய் என்று போட்டேன். இரண்டு மாதத்தில் 190 பேர் சேர்ந்தார்கள். கையில் கிட்டத்தட்ட 7 லட்சம். அதில் இன்னும் இரண்டு டிரெட்மில், ஒரு ஸ்மித் மெஷின் வாங்கிப் போட்டேன். வைகாசி வந்தபோது வாடகை கட்டப் பணம் இல்லை. வரக்கூடிய ஆட்கள் எல்லோரும் வருடத்துக்கும் கட்டி முடித்துவிட்டார்கள். புதிதாக யாரும் சேரவில்லை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் கரண்ட் பில் மட்டும் தவறாமல் வந்தது. அப்போதுதான் புரிந்தது. தை மாதம் நான் எண்ணியது லாபம் இல்லை. இன்னும் பத்து மாதம் அவர்களுக்கு நான் செய்து தர வேண்டிய வேலைக்கு வாங்கிய முன்பணம். இப்போது வருடச் சந்தா யார் கட்டினாலும் அது தனிக் கணக்குக்குப் போய்விடும். மாதம் பன்னிரண்டில் ஒரு பங்குதான் வெளியே எடுப்பேன்.

அந்த வைகாசியில் செய்த இன்னொரு காரியம்தான் ஜிம்மைக் காப்பாற்றியது. அதுவரை சேர்ந்தவர்களின் பெயர்தான் எழுதி வைத்திருந்தேன். ஒரு நீள நோட்டு வாங்கி யார் எந்த நாள் வருகிறார்கள் என்று எழுதத் தொடங்கினேன். 190 பேரில் வாரம் இரண்டு நாளாவது வந்தவர்கள் 54 பேர். மற்றவர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டேன். சிலர் எடுக்கவில்லை, சிலர் “வர்றனுங்கண்ணா” என்று வைத்துவிட்டார்கள். மனம்விட்டுப் பேசிய முப்பது நாற்பது பேரிடம் இரண்டு விஷயம் திரும்பத் திரும்ப வந்தது.

ஒன்று, முதல் நாள் வலி. புதிதாக வருபவரை முதல் நாளே செஸ்ட், தோள், கால் என்று பிழிந்தெடுப்பதுதான் அப்போது எங்கள் வழக்கம். நன்றாகச் சொல்லித்தருகிறார்கள் என்று நினைப்பார்கள் என்பது எண்ணம். பழகாத தசைக்கு வலி அன்றைக்குத் தெரியாது, இரண்டாம் நாள், மூன்றாம் நாள்தான் உச்சத்துக்குப் போகும். அயர்னிங் டேபிளில் நாள் முழுக்க நிற்கிற ஆள், கால் மடக்க முடியாமல் எப்படி வேலைக்குப் போவார்? ஒரு நாள் லீவு என்றால் ஒரு நாள் கூலி போச்சு. அவருக்கு ஜிம் என்பது வருமானத்தைக் கெடுக்கிற இடம். அதன்பின் முதல் வாரம் இருபத்தைந்து நிமிடம்தான், எடை பாதிதான் என்று மாற்றினோம். “இன்னும் ஒரு செட் அடிக்கிறேன் மாஸ்டர்” என்று அவர் கேட்கும்போதே வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். மறுநாள் வந்துவிடுவார்.

இன்னொன்று ஷிப்ட். நான் இரவு ஒன்பதரைக்குக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தேன். ஒன்றரை ஷிப்ட் பார்ப்பவர் கம்பெனியை விட்டு வெளியே வரவே எட்டரை, ஒன்பது ஆகும். அவர் எப்போது வருவார்? மூடும் நேரத்தை பத்தே முக்காலாக்கினேன். கூடவே, இந்த ஊரில் தையல், செக்கிங், பேக்கிங் ஆட்களுக்குச் சம்பளம் சனிக்கிழமைதான். மாதக் கடைசியில் மொத்தமாக 800 ரூபாய் எடுத்து வைப்பது அவர்களுக்குக் கடினம். வாரம் 200 ரூபாய், சனிக்கிழமை இரவு கட்டலாம் என்றேன். தெரிந்த ஜிம்காரர்கள் எல்லோரும் வேண்டாம் என்றார்கள், வசூல் பண்ணியே அலுத்துப்போவாய் என்றார்கள். ஆனால் நிலையாக நின்றவர்கள் இந்த வாரக் கணக்குக்காரர்கள்தான். வாரம் கட்டுகிறவர் அந்த வாரம் வந்தே ஆவார்.

அன்றிலிருந்து இன்றுவரை விதி ஒன்றுதான். யாராவது தொடர்ந்து எட்டு நாள் வரவில்லை என்றால் ஒன்பதாம் நாள் போன் போக வேண்டும். ஃபீஸ் பற்றி அந்தப் போனில் பேசக்கூடாது. “உடம்பு கிடம்பு சரியில்லையா?” என்பதுதான் முதல் கேள்வி. எட்டு நாளில் கூப்பிட்டால் பாதிப் பேர் திரும்புகிறார்கள். ஒரு மாதம் கழித்துக் கூப்பிட்டால் கூச்சப்பட்டே வருவதில்லை. இதை மூன்று வருட நோட்டை வைத்துச் சொல்கிறேன்.

பெண்களுக்கான நேரம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். காலை பத்தரை முதல் பன்னிரண்டரை வரை ஜிம் காலியாகக் கிடக்கும். 2019இல் அதைப் பெண்களுக்கு மட்டும் ஒதுக்கினேன். பெண் மாஸ்டர் கிடைக்கவே நான்கு மாதம் ஆனது. முதல் மாதம் ஆறு பேர்தான் வந்தார்கள். அந்த மாஸ்டர்தான் சொன்னார்: “அண்ணா, ரோட்டுல இருந்து பாத்தா உள்ள தெரியுது, பாத்ரூம் தாழ்ப்பாள் நிக்கறதில்ல. இதுக்கு மேல என்ன விளம்பரம் போட்டாலும் வரமாட்டாங்க.” அந்த வாரமே கண்ணாடியில் ஸ்டிக்கர் ஒட்டினேன், தாழ்ப்பாள் மாற்றினேன், உடை மாற்ற ஒரு அறை தடுத்தேன். செலவு 14,000 ரூபாய். ஜிம்முக்காக நான் போட்ட பணத்தில் இவ்வளவு திரும்பித் தந்தது வேறு எதுவும் இல்லை.

ஓவர்லாக் தையல் மெஷினில் முப்பது வருடம் உட்கார்ந்த ஒரு அம்மா வந்தார், வயது 54. இடுப்பு வலி, மாடி ஏறினால் முட்டி வலி. “ஏனுங் தம்பி, இந்த வயசுல இரும்பத் தூக்கி என்னாகப் போகுது?” என்றார். முதலில் டாக்டரிடம் காட்டிவிட்டு வரச் சொன்னோம். இரண்டு வாரம் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது மட்டும்தான். அப்புறம் இரண்டு கிலோ டம்பெல், அப்புறம் நான்கு. ஐந்தாவது மாதம் ஒருநாள், இருபது லிட்டர் தண்ணீர் கேனை மகனைக் கூப்பிடாமல் தானே தூக்கி வைத்ததாகச் சொன்னார். சொல்லும்போது குரல் மாறிவிட்டது. எனக்கும்தான். அவர் தெருவிலிருந்தே ஐந்து பேரை அழைத்து வந்தார். எடை தூக்கினால் உடம்பு ஆம்பளை மாதிரி ஆகிவிடும் என்ற பயத்தை நான் பத்து முறை சொல்லியும் போக்க முடியவில்லை, அந்த அம்மாவைப் பார்த்ததும் போனது. இன்று பெண்கள் மட்டும் 118 பேர்.

மாஸ்டர்களின் சம்பளத்தில் செய்த மாற்றம் தாமதமாகத்தான் வந்தது. எல்லா இடத்திலும் அட்மிஷனுக்குத்தான் கமிஷன். நானும் அப்படித்தான் கொடுத்தேன். சேர்த்துவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விடுவார்கள். இப்போது சேர்ந்தவர் மூன்றாவது மாதமும் வந்துகொண்டிருந்தால்தான் கமிஷன். ஒரு மாஸ்டர் பையன்களுக்கு மறைவாக உடம்பு ஏற்றும் ஸ்டீராய்டு ஊசி விற்றது 2022இல் தெரிய வந்தது. அன்று மாலையே அனுப்பிவிட்டேன். அவர் பின்னால் இருபது பேர் போனார்கள், நல்ல உடம்புக்காரர்கள், ஜிம்முக்கே அழகாக இருந்தவர்கள். வருத்தம்தான். ஆனால் பதினெட்டு வயதுப் பையனின் அம்மா என்னை நம்பித்தான் அனுப்புகிறார். புரத பவுடர் விற்கவும் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்கிற உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதிவு வேண்டும், அதை எடுத்து வைத்திருக்கிறேன், இருந்தாலும் சேர்ந்து ஆறு மாதம் ஆகாதவருக்கு விற்பதில்லை. முட்டை, கொள்ளு, நிலக்கடலை, தயிர் என்று எழுதிக் கொடுப்போம்.

மெஷின் விஷயத்தில் ஒரு பாடம். ஒருநாள், மேலே இருக்கும் கம்பியைக் கீழே இழுக்கிற லாட் புல்டவுன் மெஷினின் கேபிள் அறுந்து பிளேட் அடுக்கு மொத்தமும் இறங்கியது. யாருக்கும் அடிபடவில்லை. கேபிளில் ஒரு இழை பிரிந்திருந்ததை இரண்டு நாளாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். இப்போது ஞாயிறு மதியம் எல்லாக் கேபிளையும் விரலால் தடவிப் பார்ப்பது என் வேலை. இந்த ஊர்க் காற்றில் பஞ்சுத் தூசி அதிகம், டிரெட்மில் மோட்டாரைத் திறந்து பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஊதிவிடாவிட்டால் சூடேறி நின்றுவிடும்.

கொரோனா காலம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். 2020 மார்ச்சில் மூடி ஆகஸ்ட் 10 அன்று திறந்தோம், 2021இல் மறுபடி மூடினோம். ஒன்று மட்டும் சொல்கிறேன். மூடியிருந்த மாதங்களில் டம்பெல்களை நோட்டில் கையெழுத்து வாங்கி வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன். 64 ஜோடி போனது, 62 திரும்பி வந்தது. அவற்றோடு ஆட்களும் வந்தார்கள். இரண்டாவது கிளை 2023இல் திறந்து பதினான்கு மாதத்தில் மூடினேன். நான் இல்லாத இடத்தில் ஒன்பதாம் நாள் போனைப் போட யாரும் இல்லை. அதன்பின் இதே கட்டடத்தின் இரண்டாவது மாடியை எடுத்தேன், மூத்த மாஸ்டரைப் பங்குதாரராகச் சேர்த்துக்கொண்டேன். வளர்ச்சி அதில்தான் வந்தது.

வரி பற்றிக் கேட்பவர்களுக்கு: ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். ஜிம் ஃபீஸுக்கு முன்பு 18 சதவீதம். 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம், ஆனால் மெஷினுக்கும் வாடகைக்கும் நாம் கட்டுகிற வரியை இனிக் கழித்துக்கொள்ள முடியாது. என் மாத ஃபீஸ் வரியோடு 1,000 ரூபாயாக இருந்தது, எனக்கு நின்றது 847. அதை 900 ஆகக் குறைத்தேன், இப்போது நிற்பது 857.

அதே சமயத்தில்தான் ஊருக்கே அடி விழுந்தது. ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டதும் ஆர்டர்கள் நின்றன, எங்கள் ஆட்களில் பலருக்கு ஒன்றரை ஷிப்ட் ஒரு ஷிப்டானது, சிலருக்கு வாரம் நான்கு நாள்தான் வேலை. ஆயுத பூஜைக்குள் 46 பேர் நின்றுகொள்வதாகச் சொன்னார்கள். “நிக்க வேண்டாம், வாங்க. வேலை வந்ததும் குடுங்க” என்றேன். நோட்டில் அவர்கள் பெயருக்கு நேராகத் தொகை எழுதவில்லை, வந்த நாளை மட்டும் எழுதினேன். பலர் முன்பைவிட அதிக நாள் வந்தார்கள். வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை என்றார்கள்.

பொங்கலுக்குள் 33 பேர் கேட்காமலே கட்டிவிட்டார்கள். நான்கு பேர் ஊரைவிட்டே போய்விட்டார்கள். மற்றவர்கள் இப்போதும் வருகிறார்கள். போன சனிக்கிழமை இரவு பத்தரைக்கு ஒரு டெய்லர் தம்பி மேலே ஏறி வந்து, பயிற்சிக்குக்கூட நிற்காமல் மூன்று வாரப் பணத்தை மேஜையில் வைத்தார். “நோட்டுல எழுதிக்கங்கண்ணா, நாளைக்குக் காலைல லெக் டே” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.