கடைமடைக்காரரும் தேக்கடிப் படகும்

ஜனவரி 22, இரவு, குமுளி

மதியம் மதுரை அரப்பாளையத்தில் பஸ் ஏறி, இருட்டும்போது வந்து சேர்ந்தோம். நான், பையன், பெரியப்பா. சபரிமலை நடை சாத்திவிட்டதால் கூட்டம் இல்லை, ரூம் பேரம் பேசிக் கிடைத்தது.

பெரியப்பாவை இழுத்து வந்ததே பெரிய பாடு. மேலூர்ப் பக்கம், பெரியாறு வாய்க்கால் முடிகிற கடைமடையில் மூன்று ஏக்கர் நெல், கதிர் பால் பிடிக்கிற நேரம். "இன்னும் ரெண்டு தண்ணி வேணும்த்தா, இப்பப் போயி யானை பாக்கக் கூப்புடுறியே" என்றார். அந்தத் தண்ணி எங்கிருந்து வருகிறதோ அந்த இடத்துக்குத்தான் போகிறோம் என்றேன். அதற்கப்புறம் பேசவில்லை, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

ஆண்டிப்பட்டி கணவாய் தாண்டும்போது பையன் ஒரு சந்தேகம் கேட்டான்: நம்ம ஊர் பெரியார் பஸ் ஸ்டாண்டுக்கு இந்தப் பெரியாற்றின் பேரைத்தான் வைத்தார்களா? இல்லடா, அது சின்ன ர, இது பெரிய ற. பஸ்ஸில் முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

ஜனவரி 23

தேக்கடியில் காலை ஏழரை மணிப் படகு. அதற்கு ஐந்தரைக்கே எழுந்து, குளிரில் வரிசையில் நின்று, டிக்கெட் வாங்கி, அப்புறம் காட்டுக்குள் இன்னொரு பஸ். மேல் தளத்தில் சீட். ஏறியதும் லைஃப் ஜாக்கெட் மாட்டச் சொன்னார்கள். ஈரத்துணி வாடை. பெரியப்பா முகம் சுளித்தார். 2009 செப்டம்பர் 30-ல் இதே ஏரியில் படகு கவிழ்ந்து 45 பேர் போனதைச் சொன்னதும் பேசாமல் வாரை இழுத்துக் கட்டிக்கொண்டார்.

ஏரி மேல் மூட்டம். அதற்குள்ளிருந்து கறுப்புக் கறுப்பாக மரக்கட்டைகள் எழுந்து வருகின்றன. 1895-ல் முல்லைப் பெரியாறு அணை கட்டி முடித்துத் தண்ணீர் தேங்கியபோது மூழ்கிய காட்டின் மிச்சம். இலை இல்லை, பட்டை இல்லை, ஆனாலும் நிற்கின்றன. ஒரு கட்டைக்குப் பத்தடி பக்கத்தில் படகு போனது. உச்சியில் பாம்புத்தாரா இரண்டு சிறகையும் விரித்துப் பிடித்திருந்தது, கொடியில் சட்டை காயப்போட்ட மாதிரி. வாத்துக்கு ஒட்டுகிற எண்ணெய்ப் பசை இதன் இறகில் அவ்வளவாக ஒட்டாது. அதனால் சுலபமாக முங்கும், நனையும், ஒவ்வொரு முறையும் காய வேண்டும். கழுத்தை மட்டும் மெதுவாகத் திருப்பி எங்களைப் பார்த்தது. சிறகை மடக்கவில்லை.

"வேல முடிஞ்சு ஒணத்துது" என்றார் பெரியப்பா. அன்றைக்கு அவர் ஒரு பறவையைப் பற்றிச் சொன்னது அவ்வளவுதான்.

ஒரு வளைவில் நான்கு நீர்நாய்கள், மீனைக் கையில் பிடித்துத் தலையிலிருந்து கடித்துக்கொண்டு. பையன் போட்டோ எடுப்பதற்குள் முங்கிவிட்டன. தூரத்தில் மிளா மான் இரண்டு. அப்புறம் காட்டுமாடுகள், ஏழோ எட்டோ. கறுத்த உடம்பு, முழங்காலுக்குக் கீழே வெள்ளை சாக்ஸ் போட்ட மாதிரி. அலங்காநல்லூர் முடிந்து ஒரு வாரம் ஆகவில்லை, பெரியப்பா கண் அதிலேயே நின்றது. "திமிலு தனியா இல்லத்தா, முதுகு பூராத் திமிலா இருக்கு. எதப் புடிச்சுத் தொங்குறது? இத வாடிவாசல்ல விட்டா ஒருத்தன் நிக்க மாட்டான்."

யானை வந்தபோது மொத்தப் படகும் ஒரு பக்கம் எழுந்தது. ஊழியர் "உக்காருங்க, உக்காருங்க" என்று தொண்டை கிழியக் கத்தினார். இரண்டு பெண் யானை, ஒரு குட்டி. புல்லைப் பிடுங்கி, வேரிலிருக்கும் மண்ணைக் காலில் தட்டித் தட்டித் தின்றன. குட்டிக்குத் தட்டத் தெரியவில்லை, தலையில் போட்டுக்கொண்டது.

பெரியப்பா எழுந்திருக்கவில்லை. யானைக்குக் கீழே கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீருக்கும் காட்டுக்கும் நடுவே ஏரியைச் சுற்றி ஒரே பட்டையாகத் தண்ணீர் இறங்கிய கரை: கீழே வெறும் செம்மண், மேலே இளம்புல். தண்ணீர் இறங்க இறங்க அதில் புல் முளைக்கும், அதை மேயத்தான் இத்தனையும் வெளியே வருகின்றன. ஏரி நிறைந்து காட்டைத் தொட்டு நின்றால் படகுக்காரர்களுக்குக் காட்ட ஒன்றுமிருக்காது. உச்ச நீதிமன்றம் 2014-ல் 142 அடி தேக்கலாம் என்று சொன்னது. அவர் மனதுக்குள் அந்தக் கோட்டைப் போட்டு, அதிலிருந்து கீழே எண்ணிக்கொண்டிருந்தார் போல.

"எத்தன அடி எறங்கிருக்கு பாத்தியா?"

நான் யானையைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

அணை எங்கே என்று கேட்டார். சுற்றுலாப் படகு அதுவரை போவதில்லை. சுண்ணாம்பும் சுர்க்கி என்கிற செங்கல் தூளும் குழைத்துக் கட்டிய அந்தச் சுவரைப் பார்க்கத்தான் வந்தேன் என்று, கீழே இறங்கும்வரை முனகல்.

மாலை

திரும்பும் வழியில் லோயர் கேம்ப்பில் இறங்கினோம். மலையிலிருந்து ராட்சதக் குழாய்கள் மின் நிலையத்துக்கு இறங்குகின்றன. மேற்கே அரபிக்கடலுக்குப் போக வேண்டிய ஆறு, மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக இந்தப் பக்கம் விழுந்து, வைகை அணை சேர்ந்து, பேரணையில் பிரிந்து பெரியாறு வாய்க்காலில் மேலூர் வரை வருகிறது. அணையைக் கட்டிய இன்ஜினியர் பென்னிகுயிக்கின் மணிமண்டபத்தில் பெரியப்பா செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் படியேறினார். யாரும் சொல்லவில்லை. சிலைக்கு முன்னால் கும்பிடு, அப்புறம் என்னிடம் பத்து ரூபாய் வாங்கி உண்டியல் தேடினார். உண்டியல் இல்லை.

கம்பத்தில் பன்னீர் திராட்சை இரண்டு கிலோ. பஸ்ஸிலேயே பாதி காலி.

ஜனவரி 27, மதுரை

வேலை, வீடு. பையன் பள்ளியில் நீர்நாய் வரைந்து, பூனை என்று மார்க் வாங்கி வந்தான்.

சாயங்காலம் பெரியப்பாவுக்கு போன் போட்டேன். மேலூர் ஒருபோகத்துக்கு 120 நாள் கணக்கு: 45 நாள் முழுசாக, மீதி 75 நாள் முறை வைத்து. அந்தக் கணக்கு முடிந்துவிட்டது. கூடுதலாகச் சில நாள் விடச் சொல்லி ஊர்க்காரர்கள் மனு கொடுத்திருக்கிறார்கள். கதிர் தலை சாய்கிற நேரத்தில் வயல் வெடிக்க ஆரம்பித்துவிட்டதாம்.

"கள்ளந்திரி வரைக்கும் ரெண்டு போகம் வெளையுது, நமக்கு ஒண்ணுக்கே இழுபறி" என்றார். அது அவர் இருபது வருஷமாகச் சொல்வது. அப்புறம் கொஞ்சம் நிறுத்தி, "அங்க கரை அவ்வளவு தெரிஞ்சுச்சேத்தா, நானே கண்ணால பாத்தேன். எறங்குன தண்ணி எங்க போச்சு?"

நாளைக்குக் காலையில் மம்பட்டியை எடுத்துக்கொண்டு தலைமதகுவரை நடந்து பார்க்கப் போவதாகச் சொன்னார்.