ஹூக் நார்ட்டனில் ஒரு பைண்ட் பிட்டர்

இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டுஷையரின் வடக்கு ஓரத்தில் இருக்கும் கிராமம் ஹூக் நார்ட்டன். பான்பரி வரை ரயில், அங்கிருந்து பஸ். ஒரு காலத்தில் ரயிலே ஊருக்குள் வந்தது. 1951ல் பயணிகள் ரயில் நின்றுவிட்டது. பள்ளத்தாக்கில் பாலத்தின் கல் தூண்கள் மட்டும் மிச்சம். வீடுகள் எல்லாம் இரும்புத் தாது கலந்த பழுப்புக் கல்லில் கட்டியவை. தேவாலயத்தில் ஆதாம் ஏவாளைச் செதுக்கிய பழைய ஞானஸ்நானத் தொட்டி இருக்கிறது, அதையும் பார்த்தேன். ஆனால் நான் போனது பியருக்காக.

1849ல் ஜான் ஹாரிஸ் என்பவர் தொடங்கிய ப்ரூவரி இது. இப்போதுள்ள கட்டடம் 1900ல் முடிந்தது. வெளியிலிருந்து பார்த்தால் பியர் வடிக்கும் இடம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். செங்கல், மரம், இரும்பு, கல் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் மாடி மேல் மாடியாக அடுக்கியது போல ஒரு கோபுரம். ஆனால் அந்த உயரத்துக்கு ஒரு கணக்கு உண்டு. தண்ணீரையும், முளைகட்டி உலர்த்திய பார்லியான மால்ட்டையும் ஒரே முறை உச்சிக்கு ஏற்றிவிட்டால் போதும். ஊறவைப்பது, ஹாப்ஸ் என்ற கசப்புப் பூவைப் போட்டுக் கொதிக்க வைப்பது, ஆறவைப்பது, நொதிக்க விடுவது என்று மற்ற வேலையெல்லாம் தளம் தளமாக, புவியீர்ப்பின் தயவில் இறங்கிவிடும். ஏற்றும் வேலையை 1899ல் வந்த நீராவி எந்திரம் நூறாண்டுக்கு மேல் செய்தது. இன்றும் அதை அங்கேயே வைத்திருக்கிறார்கள். படிகளில் ஏறும்போது மால்ட் வாசனை சட்டையில் ஒட்டிக்கொள்கிறது. பக்கத்து ஊர் பப்களுக்குப் பீப்பாய் இழுக்கும் ஷையர் குதிரைகளும் இங்கே உண்டு. அதன் குளம்பைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது.

சரி, பியருக்கு வருவோம். ஹாப்ஸ் கசப்பு தெரியும் இங்கிலாந்து பியர் வகைக்குப் பிட்டர் என்று பெயர். இவர்களின் பிட்டர் பெயர் ஹூக்கி. ஆல்கஹால் 3.5 சதவீதம். நம்மூரில் 'ஸ்ட்ராங்' என்று விற்பதில் பாதிகூட இல்லை. இதற்குப் போய் இவ்வளவு தூரமா என்று நண்பன் போனில் சிரித்தான்.

ப்ரூவரிக்குப் போகும் சந்தின் முனையிலேயே பியர் ட்ரீ என்ற பப். பெயரில் இருப்பது பேரிக்காய் மரம்தான், பியர் இல்லை. பார்மேன் கைப்பம்பை நிதானமாக இழுத்து நிரப்பினார். 568 மில்லி, ஒரு பைண்ட். நிறம் வெளிர் செம்பு, மேலே மெல்லிய நுரை. பாதாள அறையின் குளிர்தான், பன்னிரண்டு டிகிரி வாக்கில். ஐஸ் பெட்டி பியருக்குப் பழகியவர்கள் முதலில் முகம் சுளிக்கலாம். ஆனால் அதற்கு மேல் குளிர்ந்தால் இதில் இருக்கும் வாசனை எதுவும் தெரியாது.

முதல் வாயில் பிஸ்கட் போல மால்ட், பின்னால் லேசான ஆரஞ்சுத் தோல் மணம். தண்ணீர் போல ஓடிவிடும் என்று நினைக்கும்போதே நாக்கின் அடியில் ஹாப்ஸ் கசப்பு ஏறி, வாய் முழுவதும் உலர்கிறது. அந்த உலர்ச்சி போக இன்னொரு வாய் வேண்டும். இப்படியே கோப்பை காலியாகிவிடுகிறது. தலை மட்டும் தெளிவாகவே இருக்கிறது. பக்கத்து மேஜையில் இரண்டு பெரியவர்கள் மதியத்திலிருந்து தோட்டத்து நத்தைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள், குரல் கொஞ்சமும் குழறவில்லை. இந்த பியர் செய்யப்பட்டதே அப்படிப்பட்ட மதியங்களுக்காகத்தான் என்பது என் கட்சி.

இங்கிலாந்து பியர் எப்போதும் இவ்வளவு சாதுவாக இருந்ததில்லை. முதல் உலகப் போரின்போது தானியத் தட்டுப்பாடு வந்தது, வரி ஏறியது, அரசாங்கமும் ப்ரூவர்களின் கையைக் கட்டியது. பியரின் பலம் சரசரவென்று இறங்கியது. போர் முடிந்த பிறகும் பழைய அளவுக்கு அது திரும்பவில்லை. குறைந்த மால்ட்டில் ருசியை எப்படி நிறுத்துவது என்று ப்ரூவர்கள் கற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. மேரிஸ் ஆட்டர் போல மணமுள்ள பார்லியைத் தேடுவது, மால்ட்டைக் கொஞ்சம் கூடுதல் சூட்டில் ஊறவைத்து நொதிக்காத சர்க்கரையை மிச்சம் வைப்பது என்று பல வழிகள். என்னைக் கேட்டால் எட்டு சதவீத பியர் செய்வதைவிட இதுதான் கஷ்டம். அங்கே ஒரு பிசகை ஆல்கஹாலும் இனிப்பும் மூடிவிடும், இங்கே மூடுவதற்கு எதுவுமில்லை.

இன்னொரு விஷயம், இது உயிருள்ள பியர். வடிகட்டாமல், ஈஸ்ட்டோடு பீப்பாயில் அடைக்கிறார்கள். பப்பின் பாதாள அறையிலும் உள்ளே நொதித்துக்கொண்டே இருக்கும். கள்ளைப் போலத்தான், நேரம் பார்த்துக் குடிக்க வேண்டும். பீப்பாயைத் திறந்துவிட்டால் மூன்று நாளுக்குள் தீர்ப்பது நல்லது, இல்லையென்றால் காற்றுப் பட்டுப் புளிக்கும். எழுபதுகளில் பெரிய கம்பெனிகள் வடிகட்டி, வாயு ஏற்றிய பியரை எங்கும் விற்றபோது, இந்தப் பழைய முறையைக் காப்பாற்றவே 1971ல் காம்ரா என்ற குடிப்பவர்கள் இயக்கம் பிறந்தது. குடிகாரர்கள் சங்கம் வைத்து உருப்படியான ஒன்றைச் சாதித்தது எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்!

அப்புறம் இதன் அண்ணன் ஓல்ட் ஹூக்கியையும் அரை பைண்ட் வாங்கினேன். 4.6 சதவீதம், உலர்திராட்சை வாசனை, நல்ல கனம். மழை நாளில் கணப்புப் பக்கம் உட்கார்ந்து குடிக்கலாம். ஆனால் பாதியிலேயே திகட்டிவிட்டது. நண்பனுக்கு ஹூக்கி பாட்டில் ஒன்று வாங்கிப் போகலாமா என்று பார்மேனிடம் கேட்டேன். "பாட்டில் நல்லாத்தான் இருக்கும் சார், ஆனா இது அது இல்ல" என்றார். வாங்கவில்லை. வேண்டுமானால் அவனே பஸ் பிடித்து வரட்டும்.