பெரியவர் வேண்டாமென்ற காட்சி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கிற எங்கள் சுங்கை சிப்புட்டுக்குக் கேமராவைத் தூக்கிக்கொண்டு வருகிற வெளியூர்க்காரர்கள் இரண்டில் ஒன்றைத்தான் கேட்பார்கள். ஒன்று, 1948 ஜூன் 16-ஆம் தேதி எல்பில் தோட்டத்துத் துரை சுட்டுக் கொல்லப்பட்டது. மற்றது, இந்த ஊரில் பிறந்து மலேசிய அமைச்சரான துன் சம்பந்தன். இரண்டும் பதிவாக வேண்டியவைதான். ஆனால் இந்த வட்டாரத்துத் தோட்டங்களில் அம்மனை ஊர்வலம் அழைத்துப் போனதும், மாப்பிள்ளையை மணவறைக்குக் கூட்டி வந்ததும் யாருடைய நாயனம் என்று ஒருவரும் கேட்டதில்லை. அந்த ஆதங்கம் எனக்கு வெகுநாளாக உண்டு. கல்யாண வீடுகளில் படம் எடுத்துப் பிழைக்கிற எனக்கு அந்த நாயனத்தின் அருமை தெரியும். ஆகவே அந்த நாயனத்தை வாசித்த பெரியவரின் மகள் வந்து, "திருவிழாவில் அப்பாவுக்குப் பொன்னாடை போர்த்துகிறார்கள், அன்று திரையிட ஒரு படம் வேண்டும் அண்ணே" என்றபோது கூலி பேசாமலே ஒப்புக்கொண்டேன்.

படம் எப்படி இருக்க வேண்டும் என்பதில் மகளுக்குத் தெளிவு இருந்தது. பியானோ மேதை மார்த்தா ஆர்கெரிச்சைப் பற்றி அவருடைய கடைசி மகள் ஸ்டெஃபானி 2012-இல் எடுத்த ஆவணப்படத்தைக் கொடுத்து, பார்த்துவிட்டு வரச் சொன்னார். பார்த்தேன். புவனஸ் அயர்ஸில் 1941-இல் பிறந்து, 1965-இல் வார்சாவில் ஷோப்பான் போட்டியின் முதற்பரிசை வென்று, உலகமே கொண்டாடுகிற கலைஞர் அவர். அந்தப் படத்திலோ தூக்கம் கலையாத முகத்தோடு இருக்கிறார். மேடையேறும் முன் வாசிக்கப் பிடிக்கவில்லை என்று புலம்புகிறார். மகளின் கேள்விகளுக்குச் சொல் கிடைக்காமல் திணறுகிறார். மூத்த மகள் லிடா தாயிடம் வளராத கதையும் வருகிறது. ஸ்டெஃபானியின் தந்தை ஸ்டீபன் கோவசெவிச்சும் பெரிய பியானோ கலைஞர். ஆனால் பிறப்புப் பத்திரத்தில் அவர் பெயர் இல்லை. அதையும் மகள் கேமராவுக்கு முன்னாலேயே பேசித் தீர்க்கப் பார்க்கிறார். ஒரு மகளுக்கு மட்டும் கிடைக்கக்கூடிய இடத்திலிருந்து எடுத்த படம். பெரியவரின் மகள் கேட்டது அந்த இடத்தைத்தான். அங்கே கேமராவோடு நிற்கப் போகிறவன் மட்டும் நான்.

பெரியவர் எங்களைத் தடுக்கவே இல்லை. காலையில் பசியாறும் முன்பே போய் எடுத்தோம். கட்டிய பற்கள் அலமாரியில் ஒரு கிண்ணத்தில் கிடந்தன. அவர் உறையைப் பிரித்து நாயனத்தை வெளியே எடுத்தார். நூலில் தொங்கிய சீவாளிகளை, அதாவது வாயில் வைத்து ஊதுகிற நாணல் துண்டுகளை, ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒன்றைத் தேர்ந்து, ஊசியை உள்ளே விட்டு அதன் வாயைச் சற்று அகலமாக்கினார், நாக்கில் வைத்து நனைத்தார், நாயனத்தின் மேல்முனைக் குழலான கெண்டையில் பொருத்தினார். இதில் எதற்கும் அவர் விரல் தடுமாறவில்லை. பிறகு ஊதினார். காற்றுதான் வந்தது.

சீவாளியை உதடுதான் பிடிக்கிறது என்று பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். உதட்டுக்குப் பின்னால் பல் இருந்தால்தான் அந்தப் பிடிப்பு நிற்கும். விரல் துளையை மூடித் திறப்பதில் பாதி, மூச்சை இறுக்கித் தளர்த்துவதில் பாதி என்றுதான் சுரத்தை அசைக்கிற கமகமே பிறக்கிறது. பெரியவருக்கு முன்பற்கள் போய் ஆண்டுகளாகின்றன. கட்டிய பல்லோடு ஊதினால் நகர்கிறது என்று விட்டுவிட்டவர். அன்று கேமரா ஓடுவது தெரிந்தும் பொக்கை வாயில் சீவாளியை வைத்து மறுபடி மறுபடி ஊதினார். எச்சில் தாடையில் வழிந்தது. கடைசியில் ஒரு சுரம் வந்தது. தோடி ராகத்தின் காந்தாரம் என்றே என் காதுக்குப் பட்டது. நாதஸ்வர மேதை ராஜரத்தினம் பிள்ளையின் இசைத்தட்டைக் கேட்டுக் கேட்டுப் பழகிய தோடி என்று முதல்நாள்தான் சொல்லியிருந்தார். அந்தச் சுரம் அசைந்து வந்து அப்படியே நின்றுபோனது. துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு, "இது வேண்டாம் தம்பி" என்றார்.

கேமராவை இறக்கிவிட்டேன். மகள் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனார். பெரியவர் நாயனத்தை உறையில் போட்டுக் கட்டிக்கொண்டே, "அதில் சத்தம் வந்திருக்கிறதா?" என்று கேட்டார்.

"வந்திருக்கிறது ஐயா."

தலையை ஆட்டினார். அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை.

வேண்டாம் என்று சொன்னவர் அதை ஏன் கேட்க வேண்டும்? இந்தக் கேள்விதான் என்னை இன்னும் விடாமல் பிடித்திருக்கிறது. வெறும் காற்று மட்டும் பதிவாகியிருந்தால் அசிங்கம், அழித்துவிடு என்று சொல்லக் கேட்டாரா? சுரம் பதிவாகியிருந்தால் போகட்டும் என்று நினைத்தாரா? ஒரு கலைஞனுக்குத் தான் வாசித்தது எப்படி வந்தது என்று கேட்காமல் இருக்க முடியாது, வேறொன்றுமில்லை என்று சில நாள் தோன்றும். அப்படியானால் தலையாட்டியது எதற்கு?

படத்தொகுப்பின்போது மகள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். "இதுதான் அண்ணே படம். இது இல்லாவிட்டால் மற்றதெல்லாம் வெறும் பொன்னாடை" என்றார். அப்பா வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாரே என்றேன். அப்போது அவர் சொன்னதை எழுத்துப் பிசகாமல் என்னால் திருப்பிச் சொல்ல முடியும். "அப்பா வாசித்ததை ஊரே பார்த்தது. திருவிழாக் காலத்தில் அவர் எந்தத் தோட்டத்தில் இருக்கிறார் என்றுகூட எங்களுக்குத் தெரியாது. பல் போன பிறகுதான் வீட்டோடு இருந்தார். எங்களுக்குக் கிடைத்த அப்பா இவர்தான்."

அவர் கொடுத்த படத்தை வைத்தே நான் வாதாடினேன். ஆர்கெரிச்சின் கலைந்த தலையையும் புலம்பலையும் நாம் பார்க்கிறோம். ஆனால் அடுத்த காட்சியிலேயே அவர் மேடையில் உட்கார்ந்து மலையைப் புரட்டுவது போல வாசிக்கிறார். எழுபது வயதிலும் அந்தக் கை அவரைக் கைவிடவில்லை. எவ்வளவு நெருங்கிப் பார்த்தாலும் குறையாத ஒன்று அவரிடம் மீதமிருக்கிறது. பெரியவருக்கு அடுத்த காட்சி இல்லையே அம்மா என்றேன். நான் சொன்னது சரி என்று இன்றைக்கும் நம்புகிறேன். மகள், "அப்படியென்றால் முடியாமல் போனவர்களை யாரும் படமே எடுக்கக் கூடாதா?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனாலும் அந்தக் காட்சியை வெட்டினேன்.

வேண்டாம் என்று ஒருவர் வாய்திறந்து சொன்ன பிறகு வேறென்ன செய்ய முடியும்? படம் கேட்டு வந்தவர் மகளாக இருக்கலாம். வாயும் மூச்சும் பெரியவருடையவை. நீயே ஊதிப் பார் என்று கைபேசியைத் தூக்கிப் பிடித்துச் சிரிக்கிற பிள்ளைகளும் அந்த மண்டபத்தில் இருப்பார்கள். இப்படியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அன்று மண்டபத்தின் முன்வரிசையில் இருந்தவர்கள் யார்? சாமி புறப்பாட்டில் அவர் வாசித்த மல்லாரிக்குப் பின்னால் நடந்தவர்கள். விடியும் முன் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போய், கித்தா என்கிற ரப்பர் மரம் சீவிச் சீவி முதுகு கூனியவர்கள். பால்வாளி சுமந்து தோள் காய்த்தவர்கள். உடம்பு ஒருநாள் சொன்ன பேச்சைக் கேட்காமல் போவது எப்படியென்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அவர்களுக்கு முன்னால்தான் நான் அதை மறைத்தேன். அவரை மானத்தோடு காட்டியிருக்கிறேன் என்று ஒரு சமயம் தோன்றுகிறது. அவருக்குரிய கூட்டத்திலிருந்தே அவரைப் பிரித்துவிட்டேனோ என்று இன்னொரு சமயம் தோன்றுகிறது.

படம் நன்றாகப் போனது. பழைய ஒலிநாடாவில் அவர் வாசித்த கம்பீரநாட்டை ராகம் மண்டபத்தில் ஒலித்தபோது தவில்காரர்கள் தொடையில் தாளம் போட்டார்கள். பெரியவர் முழுவதையும் பார்த்துவிட்டு, "நன்றாக எடுத்திருக்கிறீர்கள் தம்பி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் காட்சியைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. அவர் திரையில் எதையாவது தேடினாரா என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

இப்போது மகள் வேறொன்று கேட்கிறார். படத்தில் சேர்க்க வேண்டாம், அந்த ஒரு துண்டை மட்டும் தனக்குக் கொடுத்தால் போதும் என்கிறார். அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தருகிறேன் என்றேன். "கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வார். எனக்குத் தெரியாதா?" என்றார். கோபம் நியாயமானதுதான். அவரைத் தெரிந்தவர் மகள், நான் இல்லை. அதே காரணத்தால்தான் கேட்காமல் கொடுக்கவும் எனக்குக் கை வரவில்லை.

ஆடித் திருவிழாவுக்குப் பெரியவர் கோயிலுக்கு வருவார். மகள் கேட்கிறார், கொடுக்கட்டுமா என்று நேரடியாகவே கேட்டுவிடப் போகிறேன். அப்போதும் அவர் சத்தம் வந்திருக்கிறதா என்று கேட்டால், முழுத் துண்டையும் அவருக்கே போட்டுக் காட்டலாம் என்று இப்போதைக்கு நினைத்திருக்கிறேன். அதுவாவது சரிதானா என்று மகளிடம் கேட்க வேண்டும்.