தாத்தாவின் மணிக்கயிறு: பதினோராவது தடவை முடிச்சு உட்கார்ந்தது

நேற்று ராத்திரி பத்தே முக்காலுக்கு டர்க்ஸ் ஹெட் உட்கார்ந்தது. கயிற்றையோ கழியையோ சுற்றித் தலைப்பாகை மாதிரி பின்னுகிற வளைய முடிச்சு அது. மூன்று வரி (சுற்றிப் போகும் இழை), ஐந்து வளைவு (ஓரத்தில் திரும்பும் இடம்), மூன்று ஓட்டம் (அதே வழியில் கயிறு போகும் தடவை). திருகிப் பார்த்தேன், அசையவில்லை. நகத்தால் நெம்பினேன், ஒரு இழைகூடத் தூக்கவில்லை. பத்து முறை கட்டிப் பிரித்து, இது பதினோராவது. தூங்கிக்கொண்டிருந்த ஆயாவை எழுப்பிக் காட்டினேன். ஆயா கட்டைவிரலால் ஒரு சுற்று தடவிப் பார்த்துவிட்டு, "இப்பதான் அவரு கட்டின மாதிரி கீது" என்றார். இந்த இரண்டு மாதத்தில் ஆயா வாயிலிருந்து அந்த வார்த்தை வருவது இதுதான் முதல் தடவை.

இது எங்கள் வீட்டுத் திண்ணை மணிக்கான கயிறு. கடற்படையிலிருந்து ஓய்வு பெற்று வந்ததும் தாத்தா ஒரு வெண்கல மணியை வாங்கி மாட்டி, கப்பல் மணியின் நாக்கில் கட்டுவது போலவே இதற்கும் ஒரு கயிறு பின்னிக் கட்டினார். தினமும் ராத்திரி எட்டு மணிக்கு இரண்டிரண்டாக நான்கு ஜோடி, மொத்தம் எட்டு அடி அடிப்பார். கப்பலில் அரை மணிக்கு ஒரு அடி கூடிக்கொண்டே போகும், நான்கு மணி நேரக் காவல் முடியும்போது எட்டு அடி. எங்கள் விருதம்பட்டுத் தெருவுக்கு அதுதான் சோற்று மணி. 2018ல் தாத்தா போனார். கயிறு அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. போன பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது மேல்காது, அதாவது மாட்டுகிற வளையம், இற்று, அறுந்து விழுந்துவிட்டது. காதைத் தவிர மற்றதெல்லாம் முழுதாக இருந்தது. நீளம் 38 செ.மீ., மூன்று டர்க்ஸ் ஹெட், இடையிடையே நாலு புரிப் பின்னல், கீழே குஞ்சம். பழசை ஒட்டுப்போட்டு மாட்ட மனமில்லை. அதே அளவில் புதிதாகப் பின்னி மாட்டிவிட்டுப் பழையதைப் பத்திரமாக வைக்கலாம் என்று இறங்கினேன்.

பின்னலில் பிரச்சினை இல்லை, இரண்டு நாளில் கை பழகிவிட்டது. டர்க்ஸ் ஹெட்டின் வழியும் மனப்பாடம். அதைப் புரியவைத்ததே ஆயாதான். நான் காகிதத்தில் மேலே கீழே என்று அம்புக்குறி போட்டுத் தடுமாறிக்கொண்டிருந்ததை எட்டிப் பார்த்து, "இது இன்னாடி, சிக்குக் கோலந்தானே" என்றார். உண்மையிலேயே அதுதான். நேர்ப்புள்ளியில் மூன்று வரிசை, வரிசைக்கு ஐந்து புள்ளி வைத்துச் சுற்றினால் ஒரே கம்பியில் புறப்பட்ட இடத்துக்கு வந்து சேரும். ஐந்துக்குப் பதில் ஆறு வைத்தால் மூன்று தனித்தனிக் கம்பியாகப் பிரிந்துவிடும். டர்க்ஸ் ஹெட்டிலும் இதே கணக்கு: வரிக்கும் வளைவுக்கும் பொது வகுத்தி இருந்தால் ஒற்றைக் கயிற்றில் முடியாது. வாசலில் தரையில் போடுவதை ஒரு கழியைச் சுற்றிப் போட்டால் முடிச்சு. தாத்தா கயிற்றோடும் ஆயா மாவோடும் இத்தனை வருஷம் ஒரே வேலையைச் செய்திருக்கிறார்கள்.

என்னைப் பாடாய்ப் படுத்தியது இறுக்குவதுதான். மூன்று ஓட்டமும் ஓடி முடிந்த பிறகு முடிச்சு தொளதொளவென்று வளையல் மாதிரி கிடக்கும். அங்கிருந்து தொய்வை வெளியே எடுத்துக்கொண்டு வரவேண்டும். முதல் நான்கு தடவை அவசரப்பட்டு நுனியைப் பிடித்து இழுத்தேன். இழுத்த பக்கம் வளைவு ஒடுங்கி, எதிர்ப்பக்கம் வாய் பிளந்து நின்றது. தாத்தா கிணற்றுக் கயிறு கட்டும்போது சொல்வது அப்புறம்தான் ஞாபகம் வந்தது: "கவுத்த இஸ்காத பாப்பா, அத்த வர வெச்சிக்கினு போ." ஆரம்பித்த முனையிலிருந்து குத்தூசியால், இழை மேல் இழை கடக்கும் ஒவ்வொரு குறுக்கிலும் துளித்துளியாகத் தூக்கி, அந்தத் தொய்வை அடுத்த குறுக்குக்குத் தள்ளி, அப்படியே முழுப் பாதையும் போய் நுனியில் எடுக்க வேண்டும். ஒரு முழுச் சுற்றுக்கு எனக்குப் பதினைந்து நிமிஷம். குறைந்தது மூன்று சுற்று. முதல் சுற்றில் முடிச்சு இறுகினது போலவே தெரியக்கூடாது, வடிவம் மட்டும் கூடிவர வேண்டும். இரண்டாவதில் உட்காரும். மூன்றாவதில்தான் இறுகும்.

இதைப் பிடித்த பிறகும் முடிச்சு வழுக்கிக்கொண்டே இருந்தது. இறுகும், ஆனால் இரண்டு நாளில் கயிற்றின் மேல் கழன்ற மோதிரம் போலச் சுழலும். முடிச்சுக்கு அடியில் புடைப்பு வேண்டும் என்பதால் பின்னலைச் சுற்றி இன்சுலேஷன் டேப் கனமாகச் சுற்றியிருந்தேன். டேப்பை எடுத்துவிட்டுச் சணல் சுற்றினேன், மேடுபள்ளம் வெளியே தெரிந்தது. பிளாஸ்டிக் குழாய்த் துண்டு வைத்தேன், இன்னும் மோசம். பத்தாவதும் கழன்றது. சரி, தாத்தா உள்ளே என்னதான் வைத்திருக்கிறார் என்று பார்க்காமல் முடியாது என்று பழைய கயிற்றின் மேல் முடிச்சை, அறுந்த காதுக்குப் பக்கத்தில் இருப்பதை மட்டும், பிரிக்கத் துணிந்தேன். கத்தி வைக்கவில்லை. அவர் கட்டிய வழியிலேயே பின்னோக்கிப் போய்ப் பிரித்தேன். அதற்கே ஒன்றரை மணி நேரம் ஆனது. அவ்வளவு இறுக்கம்.

உள்ளே கைலித் துணி. ஒரு விரல் அகலம், நீலக் கட்டம், தறிக் கைலி. துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆனது. அதை ஈரத்தில் சுற்றியிருக்க வேண்டும், ஒன்றோடொன்று படிந்து பலகை மாதிரி இருந்தது. வெளியில் வெயிலும் கைப்பட்ட அழுக்கும் ஏறி நிறம் செத்துப்போன கயிற்றுக்குள்ளே அந்த நீலம் மட்டும் நேற்று நெய்தது போல இருந்தது. விஷயம் அதில்தான். பழந்துணி அமுங்கும். இறுக்க இறுக்க முடிச்சு துணிக்குள் புதைந்து பிடித்துக்கொள்ளும். டேப்பும் குழாயும் அமுங்காது, எவ்வளவு இறுக்கினாலும் முடிச்சு அதன் மேல் உட்காருமே தவிர உள்ளே இறங்காது. பதினோராவது முடிச்சுக்கு அந்தத் துணியையே நனைத்துச் சுற்றினேன்.

கயிறு பற்றிக் கொஞ்சம். வேலூர் லாங் பஜாரிலும் மண்டித் தெருவிலும் கேட்டால் நைலானை எடுத்துப் போடுகிறார்கள். வெள்ளையாகப் பளபளவென்று இருக்கும், என் டர்க்ஸ் ஹெட்டுக்கு அது வேண்டாமென்று விட்டுவிட்டேன். ஒரு கடையில் 'சுத்தப் பருத்தி' என்று சொல்லிக் கலப்பு நூலைக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். நுனியைக் கொளுத்திப் பார்த்தபோது உருகிச் சொட்டியது. பருத்தி சாம்பலாகும், உருகாது. கடையிலேயே ஒரு துண்டு கொளுத்திப் பார்த்து வாங்குங்கள். கடைசியில் குடியாத்தத்தில் கைலி நெய்கிற ஒரு அண்ணன் வெளுத்த நூலை முறுக்கி 3 மி.மீ. கயிறாகத் திரித்துக் கொடுத்தார். ஒரு முடிச்சுக்கு ஒன்றரை மீட்டர் எடுத்துக்கொண்டால் கைக்கு வசதி, மிச்சம் கொஞ்சம் வீண்தான். குத்தூசியும் மெழுகு நூலும் ஆம்பூர். ஷூ தைக்கிறவர்களுக்கு விற்கும் கடையில் எல்லாக் கனத்திலும் கிடைக்கிறது. அதன் முனையை உப்புத்தாளில் தேய்த்து மழுக்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் நூலைக் கிழித்துவிடும். நுனிக்குத் தடவ, ஜவ்வாது மலைத் தேன் கொண்டுவருபவரிடம் சொல்லிவைத்துத் தேன்மெழுகு வாங்கினேன். மெழுகுவத்தியைவிட இது எவ்வளவோ மேல், உதிர்வதே இல்லை.

தாத்தா பிறந்தது கணியம்பாடி பக்கம். அந்தப் பக்கம் பட்டாளம் என்றால் தரைப்படைதான். கம்மவான்பேட்டையை மிலிட்டரிப்பேட்டை என்றே சொல்வார்கள். அங்கிருந்து 1958ல், பதினாறு வயதில், கடலையே பார்த்திராத பையன் விசாகப்பட்டினத்தில் ஐ.என்.எஸ். சர்க்கார்ஸ் என்கிற கடற்படைத் தளத்தில் பாய்ஸ் பயிற்சிக்கு, அதாவது சிறுவர்களைச் சேர்த்துப் பழக்குகிற பயிற்சிக்கு, போனார். சீமேன் பிரிவு, அதாவது கயிறு, சங்கிலி, நங்கூரம், படகு. பிற்பாடு விமானம் தாங்கிக் கப்பலான விக்ராந்த். வங்கதேசப் போரில், 1971 டிசம்பர் 4 அன்று அதிலிருந்து சீ ஹாக் விமானங்கள் காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கக் கிளம்பியபோது தாத்தா அந்தக் கப்பலில் இருந்தார். கொதிகலன் ஒன்றில் விரிசல் விட்டு, முழு வேகத்தில் ஓட முடியாத நிலையில் போருக்குப் போன கப்பல் அது. அந்தப் போருக்காகக் கொடுத்த பூர்வி ஸ்டாரும் சங்கிராம் மெடலும் பிஸ்கட் டப்பாவில் இருக்கின்றன. போரைப் பற்றி நாங்கள் கேட்டால் சாப்பாட்டைப் பற்றிப் பேசுவார். கயிற்றைக் கையில் கொடுத்தால் மட்டும் வாய் திறக்கும். எந்தத் துறைமுகத்தில் எந்தக் கயிறு கையை அறுத்தது, மழையில் நனைந்த வடம் எப்படிப் பாம்பாகத் திமிரும் என்று விரல் வேலை செய்துகொண்டிருக்கும்போதே சொல்லிக்கொண்டு போவார். 2014ல் விக்ராந்த்தை உடைத்தார்கள். அந்த இரும்பைச் சேர்த்து பஜாஜ் வி பைக் வந்தபோது எதிர்வீட்டுப் பையன் ஒன்று வாங்கினான். தாத்தா போய் டேங்க்கில் விரல் கணுவால் மூன்று தட்டுத் தட்டிக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, ஒன்றும் சொல்லாமல் திரும்பி வந்து ஈஸிசேரில் உட்கார்ந்தார்.

மணிக்கயிறு முடியவில்லை, அதற்குள் அடுத்ததற்கு மனசு ஓடுகிறது. எறிகயிற்றின் முனையில் கனத்துக்காகப் போடும் உருண்டை முடிச்சு, மங்கீஸ் ஃபிஸ்ட். கப்பலிலிருந்து கரைக்கு முதலில் அந்த மெல்லிய கயிறுதான் போகும், அதைப் பிடித்து இழுத்தால் பின்னாலேயே பெரிய வடம் வரும். எனக்கு எட்டு வயதிருக்கும்போது, வறண்ட பாலாற்று மணலில் நிற்கவைத்து, கயிற்றை இடது கையில் பாதி, வலது கையில் பாதி சுருட்டிக்கொண்டு வீசிக் காட்டியிருக்கிறார். சுருள் சுருளாக அவிழ்ந்துகொண்டே போய், முடிச்சு மணலில் 'தொப்' என்று விழும். ஓடிப்போய் எடுத்து வருவது என் வேலை. அதற்குள்ளே கோலிக்குண்டு வைத்திருந்தார் என்பது நிச்சயம், பள்ளிக்கூடத்தில் நான் ஜெயித்த பெரிய குண்டு அது. 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டு ஓடியதை அவர் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் பாலத்தில் நின்று ஒரு வீச்சு வீசியிருப்பார்.

சரி, நிலவரம்: ஒரு டர்க்ஸ் ஹெட் முடிந்தது, பின்னல் பாதி, இன்னும் இரண்டு முடிச்சு, குஞ்சம், காது. குடியாத்தம் அண்ணன் மீதிக் கயிறு அடுத்த வாரம் என்கிறார். பழைய கயிற்றில் மிச்சமிருக்கும் இரண்டு முடிச்சையும் பிரிக்கப் போவதில்லை, அது தாத்தாவின் கைக்கட்டாகவே இருக்கட்டும். அதனால் மற்ற இரண்டுக்கும் துணி வேண்டும். காலையில் ஆயா ட்ரங்குப் பெட்டியைத் திறந்து, தாத்தாவின் கைலி ஒன்றை எடுத்து, உதறி, மூக்கருகில் ஒரு நிமிஷம் பிடித்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"நடுவுல கிய்யி. கரைய மட்டும் கிய்க்காத."