கபிலெய்ராவில் ஒரு வாரம்

தென் ஸ்பெயினின் கிரனாடா மாகாணத்தில், சியரா நெவாடா மலையின் தெற்குச் சரிவில் உள்ள கபிலெய்ராவில் விடுமுறைக்கு வீடு எடுப்பவர்கள், முதல் நாள் காரைத் தொடாமல் நடந்தே ஊர் சுற்ற வேண்டும் என்பேன். போக்கெய்ரா பள்ளத்தாக்கின் ஓரமாக இறங்கும் பாதை புபியோன் வழியாகப் பம்பனெய்ராவை அடைகிறது. மூன்று ஊர்களிலும் வெள்ளையடித்த வீடுகளின் தட்டைக் கூரைகள்மேல் லௌனா என்னும் சாம்பல் நிறக் களிமண்ணைப் பரப்பியிருக்கிறார்கள்.

என்னை மிகவும் ஈர்த்தவை அசேக்கியா எனப்படும் பழைய வாய்க்கால்கள். முஸ்லிம் ஆட்சிக் காலத்தில் விரிவாக்கப்பட்ட இவை, பனி உருகிய நீரைச் சரிவின் குறுக்கே கொண்டுசெல்வதோடு, சில இடங்களில் அதை வேண்டுமென்றே மண்ணுக்குள் இறங்க விடுகின்றன. அந்நீர் நாட்கள் பல கழித்துக் கீழேயுள்ள ஊற்றுகளில் வெளிப்பட்டு, மழையற்ற கோடையிலும் படிவயல்களை நனைக்கிறது. கட்டாயமாகக் கிறித்தவத்துக்கு மாற்றப்பட்ட முஸ்லிம்களின் வழிவந்து, 1568-இல் கிளர்ந்தெழுந்த மொரிஸ்கோ மக்கள் இம்மண்ணிலிருந்து வெளியேற்றப்பட்ட பின்னும், அவர்களுடைய நீர்முறை இன்றுவரை இயங்குவதைக் கரையில் நின்று பார்த்தபோது நெஞ்சு நெகிழ்ந்தது.

திரெவேலெஸ் ஊரில் மலைக்காற்றில் உலர்த்திப் பதப்படுத்தும் பன்றித்தொடை இறைச்சி பெயர்பெற்றது. 3,400 மீட்டருக்கும் உயரமான முலாசென் சிகரத்தில் ஏறக் கோடையே உகந்தது. கிரனாடா நகரிலுள்ள அல்ஹம்ப்ரா அரண்மனைக் கோட்டைக்கு ஒரு நாள் ஒதுக்குவோர், நுழைவுச்சீட்டைப் பயணத்துக்கு வெகு முன்பே பதிவு செய்துகொள்ளுங்கள்.