ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு கால்பந்து சீசன்

ஜூலையில் கல்லூரி திறந்து, ஆகஸ்டில் முதலாமாண்டுப் பசங்க வந்து சேர்ந்து, அணித் தேர்வு முடிவதற்குள் செப்டம்பர் பிறந்துவிடும். அக்டோபர் நடுவில் வானம் கறுக்கும். இடையில் கையில் கிடைப்பது ஆறு வாரம்தான். புதுச்சேரியிலோ கடலூரிலோ கல்லூரி அணியை நடத்துகிறவர்கள் இந்த ஆறு வாரத்தை வைத்துத்தான் எல்லாவற்றையும் திட்டமிட வேண்டும். மட்டமான கிரவுண்டும் அரைகுறைக் காகிதமும் ஓர் அணியைக் கெடுக்கிற அளவுக்கு எதிரணி கெடுப்பதில்லை. அதனால் இந்தப் பதிவில் டிரிபிளிங், ஃபார்மேஷன் எதுவும் கிடையாது.

முதலில் வெளிச்சம். ஆகஸ்ட் நடுவில் இங்கே சூரியன் மறைய மாலை 6.30 ஆகும். அக்டோபர் கடைசியில் 5.45-க்கே மறைந்துவிடும். கடைசி வகுப்பு முடிந்து, பூட்ஸ் மாட்டி, 4.30-க்குப் பயிற்சி தொடங்கினால் ஆகஸ்டில் இரண்டு மணி நேரம் கிடைக்கும். அக்டோபரில் ஒன்றேகால் மணி. அதனால் ஓட்டம், உடல் வலு சேர்க்கிற வேலையெல்லாம் ஆகஸ்டிலேயே முடிந்திருக்க வேண்டும். அக்டோபரில் பந்தோடு மட்டும் வேலை. பலர் தலைகீழாகச் செய்கிறார்கள்: ஆகஸ்டில் இரண்டு பக்கமும் பிரித்து ஜாலியாக மேட்ச் ஆடிவிட்டு, போட்டிக்குப் பத்து நாள் இருக்கும்போது கடலூர் சில்வர் பீச் மணலில் ஓட விடுகிறார்கள். உலர்ந்த மணலில் குதிகால் உள்ளே புதைந்து, கெண்டைக்காலும் குதிநாணும் வழக்கத்தைவிட அதிகம் இழுபடும். பழக்கமில்லாத கால் மூன்றாம் நாளே வலிக்கத் தொடங்கும். கடற்கரை ஓட்டம் வேண்டுமென்றால் சீசன் தொடக்கத்தில், அலை வந்து போன ஈர மணலில், வாரம் இரண்டு நாள், முதல் வாரம் பதினைந்து நிமிடம் போதும்.

அடுத்தது கிரவுண்ட். காலாப்பட்டுப் பக்கம் செம்மண். வெயிலில் சிமெண்டுத் தரை மாதிரி இறுகும். தேவனாம்பட்டினம் பக்கம் மணல். கெடிலம், பெண்ணையாற்று வண்டல் படிந்த இடங்களில் களி கலந்த மண். ஒவ்வொன்றுக்கும் தனி நோய். மணல் கலந்த தரைக்கு முக்கிய நோய் நெருஞ்சி. ஒரு மழை பெய்தால் போதும், மஞ்சள் பூவோடு தரையில் படர்ந்துவிடும். காய் பச்சையாக இருக்கும்போதே வேரோடு பிடுங்கி, சாக்கில் போட்டு அப்புறப்படுத்த வேண்டும். பிடுங்கி அங்கேயே ஓரமாகக் குவித்தால் காய் முற்றி, உடைந்து, அடுத்த வருடத்துக்கு விதைத்த கணக்கு. ஏற்கெனவே உதிர்ந்த முள்ளைப் பொறுக்க ஒரு வழி இருக்கிறது. இரண்டு கோணிச் சாக்கைத் தண்ணீரில் நனைத்து, ஒரு மூங்கில் கழியில் வரிசையாகக் கட்டி, மேலே ஒரு செங்கல் பாரம் வைத்துக் கிரவுண்ட் முழுக்க இழுத்துப் போனால் முள் சாக்கில் ஒட்டிக்கொண்டு வரும். கோல் போஸ்ட் முன்னால் இரண்டு முறை இழுங்கள். கோலி (கோல்கீப்பர்) விழுந்து புரளுகிற இடம் அது. பந்து வாரம் ஒன்று பஞ்சராகிறது என்றால் பந்தைத் திட்டுவதற்கு முன் தரையைப் பாருங்கள்.

களிமண் தரையில் வேறு சிக்கல். ஈரமாக இருக்கும்போது ஆடினால் ஸ்டட் (பூட்ஸ் அடியில் உள்ள குமிழ்) பதிந்த குழிகள் இரண்டு நாள் வெயிலில் அப்படியே காய்ந்து கல்லாகும். கணுக்கால் பிசகுவது மழை நாளில் அல்ல, அதற்கடுத்த வெயில் நாளில்தான். ஆடலாமா கூடாதா என்று பார்க்க, குதிகாலை ஊன்றி அழுத்துங்கள். குழியில் தண்ணீர் கசிந்து வந்தால் அன்றைக்கு ஆட்டம் இல்லை, வகுப்பறையில் வீடியோ பார்க்கலாம். குழிகளை நிரப்ப அதே கிரவுண்ட் மண்ணோடு ஆற்று மணல் கலந்து, நனைத்துக் கொட்டாப்புளியால் தட்ட வேண்டும். பக்கத்தில் சும்மா கிடைக்கிறதே என்று கடல் மணல் கொட்டாதீர்கள். உப்பு ஈரத்தை இழுத்து வைக்கும், புல்லும் கருகும்.

கோடு போடுவதில்தான் எல்லாரும் அவசரப்படுகிறார்கள். 100 மீட்டர் நீளம், 64 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். மூலை சதுரமாக இருக்க, டேப்பில் ஒரு பக்கம் 9 மீட்டர், இன்னொரு பக்கம் 12 மீட்டர் அளந்து, இரண்டு முனைக்கும் இடையே சரியாக 15 மீட்டர் வருகிறதா என்று பாருங்கள். கொத்தனார் வீட்டு அஸ்திவாரத்துக்கு மூலை மட்டம் பார்க்கிற அதே கணக்குதான். நான்கு மூலையிலும் முளை அடித்த பிறகு மூலைக்கு மூலை குறுக்கே அளந்தால் இரண்டும் 118.73 மீட்டர் வர வேண்டும். ஒன்று 118, இன்னொன்று 119.5 என்றால் மைதானம் சாய்ந்த இணைகரமாக இருக்கிறது என்று அர்த்தம். நைலான் கயிற்றை நம்பாதீர்கள், இழுக்க இழுக்க நீளும். பெரிய பெட்டிக்கு (பெனால்டி ஏரியா) கோல் போஸ்டின் உள்பக்கத்திலிருந்து இரு புறமும் 16.5 மீட்டர், சின்னப் பெட்டிக்கு (கோல் ஏரியா) 5.5, பெனால்டி புள்ளி கோல் கோட்டிலிருந்து 11, நடுவட்டத்துக்கு 9.15 மீட்டர் கயிறு கட்டிய முளை.

பொடி எவ்வளவு? எல்லாக் கோடும் சேர்த்து ஏறக்குறைய 700 மீட்டர். பத்து செ.மீ. அகலம், ஒரு மி.மீ. கனம் என்றால் மீட்டருக்குச் சுமார் 100 கிராம் பொடி. ஆக 70 கிலோ, அதாவது 25 கிலோ மூட்டை மூன்று. இதற்குக் கிளிஞ்சல் சுண்ணாம்பு வாங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வேண்டவே வேண்டாம். வியர்வை ஈரத்தில் தோல் வேகும், கண்ணில் பட்டால் கண்ணுக்கே ஆபத்து. கோலமாவுக்குப் போடுகிற வெள்ளைக் கல்பொடியே மொத்தமாகக் கிடைக்கிறது, தோலை அரிக்காது. மார்கழி வாசல் மாதிரி கிரவுண்ட் பளிச்சென்று இருக்கும், மழை வந்தால் போய்விடும். அதனால் கோட்டின் திருப்பங்களில் எல்லாம் தரை மட்டத்துக்கு ஆணி அடித்து, பிளாஸ்டிக் நாடா கட்டி விடுங்கள். அடுத்த முறை டேப் தேவையில்லை. ஆணித் தலை மேலே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. துருப்பிடித்த ஆணி குத்தினால் டி.டி. ஊசிக்கு ஓட வேண்டும்.

கோல் போஸ்டின் உயரத்தையும் ஒருமுறை அளந்து பாருங்கள். கிராஸ்பாரின் அடிப்பக்கம் தரையிலிருந்து 2.44 மீட்டர். கோலி நின்று நின்று போஸ்ட் நடுவில் மண் கரைந்து பள்ளமாகியிருந்தால் 2.50-ஐத் தாண்டும். உயரம் குறைந்த கோலிக்கு அந்த ஆறு செ.மீ. பெரிய விஷயம்.

பந்து: 5-ஆம் எண், சுற்றளவு 68 முதல் 70 செ.மீ., எடை 410 முதல் 450 கிராம். காற்றழுத்தத்துக்கு விதி 8.5 முதல் 15.6 பி.எஸ்.ஐ. வரை இடம் தருகிறது. இங்குள்ள இறுகிய செம்மண்ணில் 9-க்குப் பக்கம் வைத்தால்தான் பந்து கட்டுப்படும். 12-க்கு மேல் போனால் தவளை மாதிரி குதிக்கும். பம்ப் ஊசியைத் தண்ணீரிலோ கிளிசரினிலோ நனைத்து நேராகச் செருகுங்கள். எச்சில் பரவாயில்லை, தேங்காய் எண்ணெய் ஆகாது, வால்வு ரப்பரை ஊதவைத்துவிடும். பயிற்சிக்கு நிவியா ஸ்டார்ம் மாதிரி ரப்பர் மோல்டட் பந்து, போட்டிக்குத் தைத்த பந்து என்று தனித்தனியாக வைத்துக்கொள்வது செலவைக் குறைக்கும். தைத்த பந்து சொரசொரப்பான தரையில் ஒரு மாதம்கூடத் தாங்காது.

பூட்ஸ் விஷயத்தில் பசங்க டிவியைப் பார்த்து ஏமாறுகிறார்கள். நீண்ட ஸ்டட் புல்தரைக்குத்தான். நம் செம்மண்ணில் அது உள்ளே இறங்காது. உடம்பின் பாரம் முழுவதும் ஏழெட்டுப் புள்ளியில் நின்று, உள்ளங்காலில் கொப்புளம், முன்பாதத்தில் வலி. குட்டைக் குமிழ் நிறைய உள்ள டர்ஃப் ஷூவே போதும், விலையும் குறைவு. ஸ்டட் பூட்ஸை மழைக்கு வைத்துக்கொள்ளுங்கள். நனைந்த பூட்ஸுக்குள் தினத்தாளைச் சுருட்டித் திணித்து, நிழலில் ஃபேன் கீழே வையுங்கள். விடுதி மொட்டை மாடி வெயிலில் காயப் போட்டால் அடிப்பாகப் பசை விட்டு, போட்டி நாளன்று முதலை மாதிரி வாயைத் திறக்கும்.

இந்தக் கடலோரத்தில் வெயிலைவிட ஈரப்பதம்தான் ஆளை வீழ்த்தும். வியர்வை காயாது, உடம்பு குளிராது. பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஒரு லிட்டர் தண்ணீர் போயிருக்கிறது, அடுத்த சில மணி நேரத்தில் ஒன்றரை லிட்டர் குடித்தால்தான் ஈடாகும். வெறும் தண்ணீர் பத்தாது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு மட்டக் கரண்டி சர்க்கரை, அரைக் கரண்டி உப்பு (டீஸ்பூன்தான், குழம்புக் கரண்டி அல்ல). உப்புப் போட்ட நீர்மோரும் நல்லதுதான். போட்டி நாளில் மூன்று மணி நேரத்துக்கு முன் நான்கைந்து இட்லி, ஒரு மணி நேரத்துக்கு முன் ஒரு வாழைப்பழம். முந்தின இரவு பரோட்டா சால்னா வேண்டாம் என்று சொன்னால் யாரும் கேட்கப் போவதில்லை, இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

வார்ம் அப் என்று கிரவுண்டை இரண்டு சுற்று ஓடுவதை நிறுத்திவிட்டு, ஃபிஃபா 11+ பயிற்சியைப் பிடியுங்கள். பதினைந்து பயிற்சிகள், இருபது நிமிடம். வாரம் இரண்டு முறையாவது தவறாமல் செய்த அணிகளில் காயம் குறைந்ததை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அப்படியும் கணுக்கால் பிசகினால், துணியில் சுற்றிய ஐஸ் பதினைந்து நிமிடம், கிரேப் பேண்டேஜ், காலை உயர்த்தி வைத்தல். முதல் இரண்டு மூன்று நாள் எண்ணெய் தேய்த்து உருவிவிடக் கூடாது, வீக்கம்தான் ஏறும். ஊன்றி நான்கு அடி நடக்க முடியவில்லை என்றாலோ, கணுக்கால் எலும்பின் பின்விளிம்பைத் தொட்டால் உயிர் போகிறது என்றாலோ எக்ஸ்-ரே எடுத்தே ஆக வேண்டும்.

இனி காகிதம். புதுச்சேரிக் கல்லூரிகள் காலாப்பட்டில் இருக்கிற புதுவைப் பல்கலைக்கழகத்தின் கீழ். கடலூர் கலைக் கல்லூரிகள் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கீழ். இருபத்திச் சொச்சம் கிலோமீட்டர்தான் இடைவெளி, ஆனால் கால அட்டவணை, படிவம், கடைசித் தேதி எல்லாம் வேறு. நவம்பர் 1 புதுச்சேரிக்கு விடுதலை நாள் விடுமுறை, கடலூருக்குக் கிடையாது. நட்பு ஆட்டம் பேசும்போது இதைக் கவனியுங்கள். தகுதிப் படிவத்தில் தடுக்குவது பெரும்பாலும் பெயர்தான். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால், கல்லூரி அடையாள அட்டையில் அப்பா பெயர் முழுசாக. சரிபார்க்கிறவர் ஒரு பார்வையில் ஒதுக்கிவிடுவார். ஆகஸ்டிலேயே பதினெட்டுப் பேரின் சான்றிதழ் நகலையும் வாங்கி, பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே எல்லாப் படிவத்திலும் எழுதுங்கள்.

ஓ.டி. (ஆன் டியூட்டி) கடிதம் போட்டி முடிந்து வாங்குவதல்ல. போவதற்கு முந்தின நாளே பி.டி. சாரிடம் கையெழுத்து வாங்கி, துறைத் தலைவருக்கு ஒன்று, வகுப்பு ஆசிரியருக்கு ஒன்று, கையில் ஒன்று. 75 சதவீத வருகையை எட்டாமல் தேர்வு நேரத்தில் திண்டாடுகிறவர்களில் பாதிப் பேர் ஓ.டி. கொடுத்தேன் என்று வாயால் சொல்கிறவர்கள். இன்டர்னல் தேர்வுத் தேதி போட்டியோடு மோதினால் மறுதேர்வைக் கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள். பெண்கள் அணிக்கு இன்னொரு வேலையும் உண்டு: கிரவுண்ட் நேரத்தை எழுத்தில் வாங்கி வைப்பது. வாய்ச் சொல்லாக விட்டால் வெளிச்சம் உள்ள முதல் முக்கால் மணி நேரத்தை ஆண்கள் எடுத்துக்கொண்டு, இருட்டைப் பெண்களுக்கு விடுவார்கள்.

கடைசியாக டாஸ். கிழக்கு மேற்காகப் போடப்பட்ட கிரவுண்டில், அக்டோபர் மாலை 3.45-க்கு ஆட்டம் என்றால், டாஸ் ஜெயித்தவர் பந்தைக் கேட்காமல் பக்கத்தைக் கேட்க வேண்டும். முதல் பாதியில் மேற்கு நோக்கித் தாக்குங்கள். அப்போது சூரியன் கொஞ்சம் உயரத்தில் இருப்பதால் உங்கள் கோலி கையை நெற்றியில் வைத்துச் சமாளிப்பார். கிழக்கிலிருந்து வரும் கடல்காற்றும் முதுகைத் தள்ளும். இரண்டாம் பாதியில் சூரியன் இறங்கி நேராகக் கண்ணில் குத்தும். அது எதிரணிக் கோலியின் பாடு. காற்று உங்களுக்கு எதிராக இருக்கும்தான், ஆனால் பொழுது சாயச் சாய அதன் வேகமும் குறையும். மேகம் மூடியிருந்தால் இந்தக் கணக்கைத் தூக்கிப் போட்டுவிட்டு, எந்த போஸ்ட் முன்னால் தண்ணீர் தேங்கியிருக்கிறது என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.